யானைமேட்டுச் சாப்பாடு

முன்னொரு காலத்தில் வில்லவராயர் என்றொரு மன்னர் இருந்தார். இருந்தார் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. அவரால் ஓரிடத்தில் இருக்கவே முடியாது. சபை கூடினால் சிம்மாசனத்தில் ஒரு நாழிகை தாங்குவார். பிறகு எழுந்து தூணுக்குத் தூண் நடக்கத் தொடங்கிவிடுவார். மன்னர் நடக்கும்போது மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? அமைச்சர், தளபதி, சோதிடர் எல்லோரும் பின்னாலேயே நடப்பார்கள். வழக்கு சொல்ல வந்தவன் மூச்சு வாங்க நடந்துகொண்டே வழக்கைச் சொல்லுவான். மன்னர் சட்டென்று திரும்பினால் பின்னால் வருகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள்.

அம்பலத்தாடி என்ற விகடர் மட்டும் நடுத்தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார். ஏன் நடக்கவில்லை என்று கேட்டதற்கு, மன்னர் எப்படியும் இந்தப் பக்கம் திரும்பி வருவார், அப்போது பேசிக்கொள்கிறேன் என்றார். அதைக் கேட்டு மன்னர் சிரித்தார். பேரமைச்சர் விழுப்பரையருக்கு அதிலிருந்து வயிறு எரிந்தது. இருபது வருடம் அவர் மன்னரின் பின்னால் நடந்து கால் தேய்ந்திருந்தார். அவர் சொன்ன எதற்கும் மன்னர் தலையைத்தான் அசைத்திருக்கிறார், ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்த வருடம் புரட்டாசியில் அண்டை நாட்டிலிருந்து ஒரு சேதி வந்தது. ஒரே பகலில் ஆறு உடைத்துக்கொண்டு இருபது ஊர்களை வாரிக்கொண்டு போய்விட்டதாம். பிழைத்தவர்கள் இரண்டு நாள் பனைமரங்களைக் கட்டிக்கொண்டு கிடந்தார்களாம். அன்றிலிருந்து வில்லவராயருக்குச் சோறு இறங்கவில்லை. நடை இன்னும் வேகமானது. நமக்கும் அப்படி வருமா என்று சோதிடரைக் கேட்டார். இன்னும் பன்னிரண்டு வருடத்துக்குக் கிரகங்கள் சாதகமாக இருப்பதாகச் சோதிடர் சொன்னார். அமைச்சரைக் கேட்டார். நம்முடைய ஆற்றங்கரைகள் இரும்புக்குச் சமம், கவலையே வேண்டாம் என்று விழுப்பரையர் சொன்னார். மன்னர் நடுத்தூணுக்கு வந்தார்.

"அம்பலத்தாடி, நீர் என்ன நினைக்கிறீர்?"

"எனக்குத் தெரியாது, அரசே."

மன்னர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். தெரியாது என்ற சொல்லை அந்தச் சபையில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

"இங்கே நின்றால் தெரியாது. போய்ப் பார்த்தால் தெரியலாம்" என்றார் அம்பலத்தாடி.

அப்படியானால் போய்ப் பார்த்து வாரும் என்று மன்னர் உடனே உத்தரவிட்டார். மடவாறு என்ற ஆறு கடலை நோக்கி இறங்கும் தாழ்ந்த நிலத்தில் ஒன்பது ஊர்கள் இருந்தன. சில ஊர்கள் சேர்ந்த பகுதியை அந்தக் காலத்தில் கூற்றம் என்பார்கள். அதனால் அதற்கு மடவாற்றுக் கூற்றம் என்று பெயர். அந்தச் சேற்றுக் காட்டுக்கு விகடர் போகிறார் என்றதும் விழுப்பரையருக்கு மகிழ்ச்சி. அந்தக் கூற்றத்தில் பயப்பட என்ன இருக்கிறது என்று ஏளனமாகக் கேட்டார்.

"பெயரே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, அமைச்சரே" என்றார் அம்பலத்தாடி. "எமனுக்கும் கூற்றம் என்றுதானே பெயர்."

*

கூற்றத்துக்குப் போன அம்பலத்தாடி ஒன்பது ஊரிலும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: கடைசியாக வந்த பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது? ஒருவர் முழங்கால் என்றார். ஒருவர் கழுத்து என்றார். கழுத்து என்றவருக்கு அப்போது நான்கு வயது என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீரை அளக்க மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று அவர் மரங்களைப் பார்க்கத் தொடங்கினார். ஆற்றோரத்து நாவல் மரம் ஒன்றில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கவட்டையில், காய்ந்த கோரையும் சுள்ளியும் கொத்தாகச் சிக்கியிருந்தன. கோயில் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டினால் உள்ளே ஒரு சேற்றுக்கோடு. அதுவும் அதே உயரம்.

ஆற்றில் பரிசல் விடும் நாச்சாயி என்ற பெண் அவருக்குத் துணையாக வந்தாள். மரவை என்னும் அகன்ற மரப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் மட்டத்தைப் பார்த்துக் கயிறு பிடித்து, நாவல் மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்குமாக அந்த உயரத்தைக் கொண்டுபோனார்கள். போகிற இடமெல்லாம் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்கள். மேட்டு ஊர்களில் துணி வேலியளவில் நின்றது. கீழே போகப் போக அது ஏறிக்கொண்டே வந்தது. கடைசி ஊரான கடைமடையில், வீட்டு வாசல்படியில் நின்ற ஒருவர் துணி எங்கே என்று தேடிவிட்டு, பிறகு தலையை அண்ணாந்து பார்த்தார். அது அவர் வீட்டுக் கூரைக்கு மேலே தென்னைமரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

கூற்றத்தில் துணி கட்ட வேண்டாத இடம் ஒன்றே ஒன்று. நடுவிலே யானை படுத்திருப்பது போல ஒரு நீண்ட மேடு. புல்லைத் தவிர அங்கே ஒன்றும் விளையாது என்பதால் யாரும் அதை மதித்ததில்லை. யானைமேடு என்று பெயர்.

அம்பலத்தாடி திரும்பி வந்து மன்னரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் வராமல் இருக்காது, எந்த நாள் என்பதுதான் தெரியாது. மேல் ஊரான தலைமடையில் ஆறு ஏறத் தொடங்கியதிலிருந்து கடைமடையை மூழ்கடிக்க அரைப்பொழுது ஆகும். அந்த அரைப்பொழுதில் எல்லோரும் யானைமேட்டில் ஏறிவிட்டால் ஒரு உயிர் போகாது. போன தடவை அந்த அரைப்பொழுதை ஊர்க்காரர்கள், தண்ணீர் வருமா வராதா என்று பேசியே கழித்திருக்கிறார்கள்.

விழுப்பரையர் இதற்குத்தான் காத்திருந்தார். விகடர் கட்டிய சிவப்புத் துணியைப் பார்த்துக் குடிகள் மிரண்டு கிடக்கிறார்கள், சம்பா நடவு நேரத்தில் மூட்டை கட்டுகிறார்கள், ஒன்பது ஊரும் கிளம்பிவிட்டால் நாட்டுக்கு நெல் ஏது என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மன்னர் மேலும் வேகமாக நடந்தார். நடந்துகொண்டே, ஓர் ஆணை எழுதும் என்று அமைச்சரிடமே சொல்லிவிட்டார்.

அமைச்சர் எழுதிய ஆணை இது. மடவாற்றுக் கூற்றத்துக்குக் கார்த்திகை கடைசி நாளுக்குள் வெள்ளம் வராவிட்டால், பொய் சொல்லிக் குடிகளைக் கலக்கிய அம்பலத்தாடி நாடு கடத்தப்படுவார். வெள்ளம் வந்து ஒரு குடி அழிந்தாலும், அபசகுன வாயால் அதை வரவழைத்தவர் என்று அவர் தலை வாங்கப்படும். அதுவரை அவர் கூற்றத்திலேயே தங்க வேண்டும். அங்கே வெள்ளம் என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. வீட்டைவிட்டுப் போ என்று ஒருவரிடமும் சொல்லக் கூடாது.

சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்பலத்தாடி ஆணையை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, அங்கே குடிகளை ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அழைக்கலாமா என்று விசாரித்தார். சாப்பாட்டுக்கு யார் தடை போடுவார்கள் என்றார் மன்னர். பயத்தில் விகடருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணிய விழுப்பரையர், விருந்துக்கு அழைக்கத் தடையில்லை என்று தம் கையாலேயே ஆணையின் அடியில் சேர்த்து எழுதினார்.

*

ஐப்பசி பிறந்ததும் ஒன்பது ஊரிலும் பறை அறைந்தார்கள். விகடர் அம்பலத்தாடி கூற்றத்து மக்கள் எல்லோரையும் யானைமேட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். அரிசி அவரவர் வீட்டு அரிசி, குழம்பு அரண்மனைக் குழம்பு. பிள்ளைகுட்டி, ஆடுமாடு, விதைநெல் எல்லாவற்றோடும் வர வேண்டும். நாள் சொல்லமாட்டார். தலைமடையில் சங்கு ஊதும்போது புறப்பட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: கடைசி ஆள் மேட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் முதல் இலை போடப்படும்.

ஆற்றுக்குள் இறங்கும் படிகளை நாள்தோறும் பார்க்கிறவர் தலைமடையின் மடைக்காவலர் இருளப்பன். சங்கு அவர் கையில் இருந்தது. முதல் தடவை அவர் ஊதியபோது நல்ல வெயில். பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நடு ஊர்க்காரர்கள் வேலையை முடித்துவிட்டு வந்தார்கள். கடைமடைக்காரர்கள் வரவே இல்லை. வாடைக்காற்று எதிர்த்து அடித்ததால் அங்கே சங்கே கேட்கவில்லை. ஆள் அனுப்பி அழைத்தார்கள். எல்லோரும் வந்தாயிற்று, இலை போடுங்கள் என்று கூட்டம் சத்தம் போட்டது. அம்பலத்தாடி வீடு வீடாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் குறைந்தார். கடைமடையில் நான்கு வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் செவ்வந்தியப்பர்.

"அவரு எப்பவும் வீட்டுலதானங்க இருப்பாரு" என்றான் மகன்.

கூட்டம் முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது. நான்கு பேர் எழுந்து போனார்கள். கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும்போது சூரியன் சாய்ந்துவிட்டது, சோறு கல்லாகிவிட்டது. செவ்வந்தியப்பர் மட்டும் ரசித்துச் சாப்பிட்டார். நான்கு வருடத்தில் அவர் வெளியே சாப்பிடுவது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஊருக்கு ஒரு சங்கு வந்தது. ஓர் ஊர்ச் சங்கைக் கேட்டு அடுத்த ஊர் ஊத வேண்டும். இரண்டாவது தடவை செவ்வந்தியப்பரின் கட்டில்தான் முதலில் மேட்டில் ஏறியது. ஆனால் இந்தத் தடவை நாச்சாயி வரவில்லை. அவளுடைய எருமை நிறைசினை. மேட்டுக்குப் போகும் பாதையில் இருபுறமும் தாழம்புதர். அந்தச் செங்குத்தில் எருமை காலையே வைக்கவில்லை.

"எரும வராட்டி நானும் வரலய்யா. எனக்கு அதத் தவிர வேற யாரு இருக்கா?" என்று அவள் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆயிரம் பேர் பசியோடு மேலே நின்று அவளைப் பார்த்தார்கள். திட்டினார்கள். கெஞ்சினார்கள். கடைசியில் அரிவாளையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அன்று மாலைக்குள் தாழம்புதர் போய், மேட்டுக்குச் சரிவான வழி ஒன்று உண்டாகிவிட்டது. மூன்றாவது தடவை சங்கு ஊதியபோது, மனிதர்களும் மாடுகளும் கோழிக்கூடைகளும் உச்சிவேளைக்கு முன்பே மேட்டில் இருந்தன. சோறு சூடாக இருந்தது. ஒருவரிடமும் அம்பலத்தாடி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சிவப்புத் துணிகள் எல்லா ஊரிலும் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

ஆனால் மழை வரவில்லை.

ஐப்பசி முடிந்தது. கார்த்திகை பாதி போனது. வெள்ளைமேகம் வந்து வந்து கலைந்தது. மக்களுக்குச் சலிப்புத் தட்டியது. நடவு வேலை கிடக்கும்போது எத்தனை தடவைதான் புளிக்குழம்பு சாப்பிடுவது என்று கேட்டார்கள். சோற்று விகடர் என்று பெயர் வைத்தார்கள். இனி அந்தச் சங்கு ஊதினால் காதில் விழாதது போல இருந்துவிட வேண்டியதுதான் என்று கடைமடையில் பேசிக்கொண்டதும் அவர் காதுக்கு எட்டியது. தலைநகரத்திலிருந்து அமைச்சர் வாரம் ஒருமுறை ஆள் அனுப்பி, எல்லைக்கு அப்பால் போவதற்குப் பல்லக்கு வேண்டுமா, வண்டி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்பலத்தாடிக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாளைக்குப் பத்து தடவை ஆற்றுப் படிக்குப் போவார். இருளப்பன் கீழிருந்து முதல் படி என்பார், நேற்றும் முதல் படிதான் என்பார். அங்கிருந்து யானைமேட்டுக்கு நடப்பார். மேற்கே மலை இருக்கும் திசையைப் பார்ப்பார். மறுபடி படிக்கு வருவார். ஒரு காலத்தில் நடுத்தூணில் சாய்ந்து நின்ற மனிதர் இப்போது மன்னரைவிட வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் காலை பரிசலைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை பார்த்துக்கொண்டிருந்த நாச்சாயி அவரை நிறுத்தினாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். மழ வரணும்னு மானத்தப் பாக்குறீங்களா, வரக்கூடாதுன்னு பாக்குறீங்களா?"

அம்பலத்தாடி மேற்கே பார்த்தார். வெள்ளம் வராவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பயந்து சில நாட்களாகத் தாம் எதை வேண்டிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பெண்ணின் குடிசைக்கு மேலே துணி கட்டியவரும் அவர்தான். வெட்கத்தில் அவர் முகம் கறுத்தது.

"பொழுது விடிஞ்சா ஒண்ணு, அடைஞ்சா ஒண்ணு தோணுது" என்று மட்டும் சொன்னார்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. நீங்க நல்லவரு, போயிடக்கூடாது. ஆனா எம் வீடும் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் ஓட்டையை அடைக்கத் தொடங்கினாள்.

*

கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது மன்னரால் தலைநகரத்தில் இருக்க முடியவில்லை. விகடர் தோற்பதை மன்னர் கண்ணால் பார்க்கட்டும் என்று விழுப்பரையரும் தூண்டிவிட்டார். இருவரும் சிறு பரிவாரத்தோடு வந்து கடைமடையில் இருந்த சத்திரத்தில் இறங்கினார்கள். அன்று வானம் கழுவிவிட்டது போல நீலமாக இருந்தது.

மறுநாள் விடிந்து இரண்டு நாழிகை இருக்கும். தலைமடையில் இருளப்பன் படியில் இறங்கினார். தண்ணீர் மூன்றாவது படியில் நின்றது. நிறம் சிவந்திருந்தது. நுரையோடு சுள்ளிகள் வந்தன. ஒரு சுள்ளியில் செவ்வெறும்புகள் உருண்டையாகத் திரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. இங்கே மழை இல்லாவிட்டால் என்ன, மேற்கே மலையில் கொட்டித் தீர்த்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. சங்கை எடுத்தார். அடுத்த ஊர் ஊதியது. அதற்கடுத்த ஊர் ஊதியது.

வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து, மேகமே இல்லாத வானத்தைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஆனால் ஒரு வீடு போகாமல் இருந்தால் ஒன்பது ஊரும் பட்டினி கிடக்கும், பிறகு அந்த வீட்டை ஒரு மாதம் திட்டும். அதற்குப் பயந்தே பக்கத்து வீட்டைப் பக்கத்து வீடு கிளப்பியது. கட்டில்கள் கிளம்பின. எருமைகள் கிளம்பின. வைக்கோலில் கட்டிய விதைநெல் கோட்டைகள் தலையில் ஏறின.

அம்பலத்தாடி சத்திரத்துக்கு ஓடினார். மன்னர் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"அரசே, யானைமேட்டில் விருந்து. சாப்பிட வாருங்கள்."

"இப்போதுதானே சாப்பிட்டோம்" என்றார் மன்னர். பசியில்லை என்று விழுப்பரையரும் சொன்னார். சொல்லக்கூடாத சொல் அம்பலத்தாடியின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவர் வாயை மூடிக்கொண்டு தெருவைக் காட்டினார். தெருவில் ஒரு ஊரே போய்க்கொண்டிருந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் நிற்கவில்லை. படுக்கையிலிருந்த செவ்வந்தியப்பர் தோள்களின்மேல் போகும்போது மன்னரைக் கும்பிட்டார். எல்லோரும் எங்கேயோ போகும்போது தாம் மட்டும் நிற்பதை வில்லவராயரால் தாங்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்துவிட்டார். பரிவாரமும் பின்னாலே போயிற்று. விகடன் போடும் சோற்றைத் தாம் தொடப்போவதில்லை என்று சொல்லி அமைச்சர் மட்டும் பாயில் சாய்ந்தார்.

மேட்டில் உலை கொதித்தது. ஏறி வந்த களைப்பில் மன்னருக்குப் பசி எடுத்தது. இலை போடச் சொன்னார். இன்னும் ஒருவர் வரவில்லை, அவர் வராமல் இலை போடும் வழக்கமில்லை என்று அம்பலத்தாடி பணிவோடு தெரிவித்தார். யார் அது என்று மன்னர் கேட்டார்.

"பேரமைச்சர்."

அப்போது யாரோ மேற்கே கை காட்டினார்கள். வயல்களின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு விளிம்பு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அம்பலத்தாடி மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கினார். அவர் சொல்லாமலே நாச்சாயி பரிசலைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். விழுப்பரையர் போனால் தம் தலையும் போகும் என்று அவர் அவளிடம் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் தலையை நினைத்து ஓடியதாக எனக்குத் தோன்றவில்லை.

பாதி வழியில் தண்ணீர் காலைத் தட்டியது. பரிசலைப் போட்டு ஏறிக்கொண்டார்கள். சத்திரத்தை நெருங்கும்போது வாசல் முழுகியிருந்தது. விழுப்பரையர் கூரையின்மேல், ஒரு கையில் ஓடு ஒன்றையும் மறு கையில் தலைப்பாகையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்க சாமி" என்றாள் நாச்சாயி. "உங்களால ஊரே பட்டினியா நிக்குது."

அவர் ஏறினார். இழுப்பு பலமாக இருந்தது. பரிசல் இரண்டு தடவை சுழன்று, ஒரு தென்னைமரத்தில் மோதி, மேட்டுக் கரையை அடைந்தபோது மேலேயிருந்து பத்துக் கைகள் நீண்டன. அமைச்சரின் கையைப் பிடித்து இழுத்தவர்களில் ஒருவன் செவ்வந்தியப்பரின் மகன்.

மதியத்துக்குள் யானைமேட்டைச் சுற்றிக் கடல் போலத் தண்ணீர். கூரைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, கலைந்து மிதந்து போவதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். அது என்னுது, இது உன்னுது என்று ஒருவர் மெல்லச் சொல்வார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. சிலர் வாய்விட்டு அழுதார்கள். நாச்சாயியின் குடிசை எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட. அவளுடைய எருமைக்கு அப்போது வலி கண்டிருந்தது. அம்பலத்தாடி வீடு வீடாகப் பெயர் கேட்டுக்கொண்டு மூன்று தடவை சுற்றி வந்தார். எல்லோரும் இருந்தார்கள். அதன்பிறகுதான் முதல் இலை போடப்பட்டது. மன்னர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

*

மறுநாள் காலை கார்த்திகையின் கடைசி நாள். மேட்டிலேயே சபை கூடியது. உயிர் பிழைத்த நன்றியைவிட, கூரைமேல் உட்கார்ந்திருந்ததை ஒன்பது ஊரும் பார்த்துவிட்டதே என்ற அவமானம் விழுப்பரையருக்குப் பெரிதாக இருந்தது. ஆணை மீறப்பட்டதாக முறையிட்டார். குடிகளை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று எழுதியிருக்க, ஒன்பது ஊரையும் விகடர் காலி செய்துவிட்டார் என்றார்.

மன்னர் கூட்டத்தைப் பார்த்து, இவர் உங்களை வீட்டைவிட்டுப் போகச் சொன்னாரா என்று கேட்டார்.

"போன்னு ஒரு நாளும் சொல்லலீங்க" என்றாள் நாச்சாயி. கன்றுக்குட்டி ஒன்று அவள் சேலையைச் சப்பிக்கொண்டிருந்தது. "வான்னுதான் சொன்னாரு."

"போ என்பதற்குத்தான் தடை, அரசே" என்றார் அம்பலத்தாடி. "வா என்பதற்கு அமைச்சரே அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறார்."

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். விழுப்பரையர் விடவில்லை. வெள்ளம் வந்து ஒரு குடி அழிந்தாலும் தலை வாங்கப்படும் என்பது ஆணை. குடி என்ற சொல்லுக்கு வீடு என்றும் பொருள் உண்டு. நேற்று நானூறு வீடுகள் அழிந்தன. அரசர் வாக்கு வாக்காக இருக்க வேண்டும் என்றார்.

சனங்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. நாச்சாயி கன்றை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அம்பலத்தாடி மன்னர் முன்னால் வந்து நின்றார். அவர் கண்கள் சிவந்து கிடந்தன.

"அமைச்சர் சொல்வது சரி, அரசே. அப்படியும் ஒரு பொருள் உண்டு. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நாள்தோறும் காலையில் அமைச்சர் தங்களைக் குடிகளின் தந்தையே என்று வாழ்த்துகிறார். குடி என்பது வீடு என்றால், இத்தனை வருடமும் அவர் தங்களை எதற்குத் தந்தை ஆக்கினார்? சுவர்களுக்கா, கூரைகளுக்கா?"

வில்லவராயர் சிரித்தார். முதலில் வாய்க்குள், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"அப்படியானால், அமைச்சரே, நேற்று ஒரே பகலில் நானூறு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நான் மறுசோறு கேட்டிருக்கிறேன்" என்றார்.

வீடு போன சனங்களே சிரித்துவிட்டார்கள். படுத்திருந்த செவ்வந்தியப்பருக்குச் சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் மன்னர் அங்கேயே உத்தரவு பிறப்பித்தார். இடிந்த வீடுகளுக்கு அரசாங்கக் காட்டிலிருந்து மரம் வர வேண்டும். கடைசி வீட்டுக்குக் கூரை ஏறும்வரை விழுப்பரையர் கூற்றத்திலேயே இருந்து அதைக் கவனிக்க வேண்டும். இனி ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் யானைமேட்டுச் சாப்பாட்டுக்கு அழைப்பது அரசரின் கடமை. விழுப்பரையர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு நாச்சாயியிடம் போய், தாம் அவளுக்கு ஒரு பரிசல் சவாரிக் கூலி பாக்கி வைத்திருப்பதாக மெல்லச் சொன்னார். கூலி வேண்டாம், எருமைக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தால் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அடுத்ததாக அம்பலத்தாடிக்குப் பரிசு. மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பட்டமும் நிலமும் கொடுப்பதாகச் சொல்லி, அதை ஓலையில் எழுதி உரக்க வாசிக்கச் சொன்னார். எழுத்தர் வாசிக்கத் தொடங்கினார். மன்னரின் விருதுப்பெயர்களே ஒரு முழ நீளம். அவை முடிந்து விகடரின் பட்டப்பெயர் வருவதற்குள் புல்லின்மேலிருந்து ஒரு குறட்டைச் சத்தம் எழுந்தது. பல நாள் தூங்காத மனிதர் முத்துமாலையோடு சரிந்து கிடந்தார்.

எழுத்தர் என்ன செய்வதென்று மன்னரைப் பார்த்தார். மன்னர் உதட்டில் விரல் வைத்து வாசிப்பை நிறுத்தினார். தம் மேலாடையை எடுத்து விகடருக்குப் போர்த்திவிட்டார். அம்பலத்தாடி கண் விழித்தது மறுநாள் உச்சிப்பொழுதில். அதற்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. மண்வெட்டியும் கூடையுமாகச் சனங்கள், அவர் தூக்கம் கலையாதபடி மெல்லப் பேசிக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.